பையனுக்குக் கட்டில் கிடைத்தது, அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

வாசகர் கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து வீட்டுக்குள் மட்டும் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். குளிப்பாட்டுவது நான்தான். புத்தி தெளிவாக இருக்கிறது, சாமி விளக்கை இன்னும் அவர்தான் ஏற்றுகிறார். சமீபத்தில் நிமோனியா வந்து மூச்சு திணறியபோது அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஐசியுவில் வைக்கச் சொல்லிக் கேட்டோம். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு" என்று ஒரு டாக்டர் நடைபாதையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே ராத்திரி 24 வயதுப் பையன் ஒருவனை, குடித்துவிட்டு கார் ஓட்டி மோதினவனாம், நேராக ஐசியுவுக்கு ஏற்றினார்கள். அம்மா வார்டிலேயே 11 நாள் கிடந்து, கடவுள் புண்ணியத்தில் வீடு வந்துவிட்டார். ஆனால் அந்தச் சொல் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வயதானால் உயிர் மலிவா? சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? எங்களுக்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கிடையாது. ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன், "அடுத்த தடவை வீட்டை அடமானம் வைத்தாவது தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ப்போம். நான் மூத்தவன், நான் முடிவு பண்ணுவேன்" என்கிறார். அப்பாவுக்கு 83. அவர் ஒன்றும் பேசுவதில்லை. நாங்கள் என்ன செய்ய? இன்னொன்று, ஆடிக் கஞ்சிக்கு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நடைபாதைப் பேச்சு. அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். சொன்ன விதம் தப்பு. உங்களை உட்கார வைத்து, "உங்கள் அம்மாவுக்கு இன்ன மருந்து போகிறது, இவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கிறோம். தொண்டையில் குழாய் போட்டால் அதிலிருந்து அவரை மீட்டு எடுக்க முடியாதோ என்று பயப்படுகிறோம்" என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால், நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். இனி எப்போதாவது இப்படி நடந்தால் வார்டு சிஸ்டரிடம் போய், பொறுப்பில் இருக்கும் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஐசியு வேண்டாம் என்று முடிவானால் அதற்கான காரணத்தை ஃபைலில் எழுத வேண்டும். அது என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் கூச்சமே வேண்டாம்.

சட்டத்தைக் கேட்டீர்கள். வயதைக் காரணம் காட்டி ஒருவரை நியாயமின்றி ஒதுக்கக் கூடாது என்று நம் தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. ஆனால் அதே 27ஆவது பிரிவில், அரசு தன் கையில் இருக்கும் வசதிக்குள்தான் செய்ய முடியும் என்றும் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை நம் ஊர்க்காரர் ஒருவரின் வழக்கில்தான் நாடே பார்த்தது. தியாகராஜ் சூப்ரமணி என்று பெயர் (நம் சுப்பிரமணி, குமாஸ்தாக்கள் கையில் பட்டு இப்படி ஆகிவிட்டது). சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, கையிலிருந்த பணத்தையெல்லாம் தனியாரில் டயாலிசிஸுக்குச் செலவழித்த பிறகு, டர்பன் ஆடிங்டன் மருத்துவமனையில் கேட்டார். அங்கே இயந்திரங்கள் குறைவு. சிறுநீரக மாற்று அறுவைக்குத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் தொடர்ந்து டயாலிசிஸ் என்று விதி வைத்திருந்தார்கள். அவருக்கு இதய நோயும் இருந்தது, மூளை ரத்தக் குழாய் நோயும் இருந்தது. முடியாது என்றார்கள். வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. 1997 நவம்பர் 27 அன்று நீதிபதி சஸ்கால்சன் தலைமையில் மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அவருக்கு அப்போது வயது 41. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டில் பற்றாக்குறை வரும்போது வயதானவரை மட்டும் ஓரம் கட்டுகிறார்கள் என்று நீங்கள் நினைப்பது முழு உண்மை இல்லை. உடம்பில் கைமுதல் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்கிறோம். பார்க்க வேண்டும்.

கைமுதல் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். ஐசியு எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. காலத்தைக் கடனாக வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அழுத்திக் காற்றுக் கொடுத்துப் பிழைக்க வைத்தார் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர். அதன் பிறகு மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு ராப்பகலாக நோயாளிகளுக்குப் பையை அழுத்தினார்கள். ஐசியு என்ற எண்ணமே அங்கிருந்துதான் கிளம்பியது. அந்தக் குழந்தைகளுக்கு மற்ற உறுப்புகள் எல்லாம் நன்றாக இருந்தன. மூச்சு திரும்பும் வரை தாங்கிப் பிடித்தால் போதும். கடனைத் திருப்பிக் கட்ட உடம்பில் முதல் இருந்தது.

அந்தக் கைமுதலை எப்படி அளப்பது? கனடாவில் ராக்வுட் என்ற முதியோர் மருத்துவர் தன் குழுவோடு 2005இல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார். இப்போது அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகள். ஒன்று என்றால் திடகாத்திரம், ஒன்பது என்றால் அந்திமம். கொரோனா வந்த 2020இல் நம் தெற்கு ஆப்பிரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த அளவுகோலைத்தான் முதல் படியாக வைத்தது. இதில் முக்கியமான விஷயம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக் கிடப்பவரை அளக்கக் கூடாது. நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். கடைக்குத் தானே போனாரா? சமைத்தாரா? படி ஏறினாரா? குளிக்க ஆள் வேண்டியிருந்ததா?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, சகோதரி. வெளியே போவதில்லை, வீட்டுக்குள் வாக்கர், குளிப்பாட்ட மகள். இந்த அளவுகோலில் இது ஏறக்குறைய ஆறாவது படி. புத்தி தெளிவாக இருப்பது பெரிய விஷயம், ஆனால் வென்டிலேட்டர் என்ற மூச்சு இயந்திரத்திலிருந்து ஒருவரை இறக்கினால், தானாக மூச்சிழுக்கவும் எழுந்து நடக்கவும் தசை வேண்டும். 2013இல் வெளியான லண்டன் ஆய்வில் ஐசியு நோயாளிகள் 63 பேரின் தொடையை ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் சராசரியாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் தசை கரைந்திருந்தது. 24 வயதுப் பையன் அதை இழந்தாலும் மிச்சம் இருக்கும். உங்கள் அம்மா ஏற்கெனவே வாக்கரைப் பிடித்துத்தான் எழுகிறார். அவருக்கு அந்த ஆறில் ஒரு பங்குதான் எழுந்து நிற்பதற்கும் எழவே முடியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

வயதுக்கும் இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய். இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதற்கு 220இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. பையனுக்கு 196, அம்மாவுக்கு 142. கிருமி ரத்தத்தில் ஏறும்போது, வழக்கமான துடிப்புக்கும் இந்த உச்சத்துக்கும் உள்ள இடைவெளிதான் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. இளம் உடம்பு ஒரு லிட்டர் ரத்தம் போனாலும் பிரஷரை இறங்க விடாமல் சமாளிக்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். அதனால் இளைஞர்களிடம் நாங்கள் ஏமாறுவது, நன்றாக இருக்கிறான் என்று நினைத்துவிடுவதில்.

வயதானவர்களிடம் ஏமாறுவது வேறு மாதிரி. நிமோனியா முற்றியும் காய்ச்சல் வராது, இருமல் வராது. இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்பார், பேச்சு மாறும், காரணமில்லாமல் விழுவார். பிரஷருக்காக அட்டனலால் மாதிரி மாத்திரை போடுகிறவராக இருந்தால் நாடித் துடிப்புகூட ஏறாது. அடுத்த முறை மூச்சுத் திணறும் வரை காத்திருக்க வேண்டாம். அம்மா வழக்கமாக விளக்கேற்றும் நேரத்தில் எழவில்லை என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல தெர்மாமீட்டர் கிடையாது.

நானும் வயதைப் பார்த்துத் தப்புச் செய்தவன்தான். பயிற்சியில் இருந்த காலம். ராத்திரி கேஷுவல்ட்டியிலிருந்து போன். "81 வயது, வயிற்றில் குடல் ஓட்டை, ஆபரேஷன் முடிந்ததும் ஐசியு வேண்டும்" என்றார்கள். கட்டில் ஒன்றுதான் இருந்தது. நான் எழுந்துகூடப் போகவில்லை. போனிலேயே முடியாது என்றேன். என் சீனியர் அம்மையார், தமிழர் அல்ல, கீழே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவர் கையைப் பார்த்தாயா?" போய்ப் பார்த்தேன். காய்ப்புக் காய்த்த கை. வாரிக் சந்தையில் விடியற்காலை நாலு மணிக்குத் தக்காளிப் பெட்டி இறக்குகிற பெரியவர், முந்தாநாள் வரை இறக்கியிருக்கிறார். ஆறாம் நாள் வார்டுக்கு நடந்து போனார். அன்றிலிருந்து போனில் வயதைச் சொன்னால், "முந்தின வாரம் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

நேர் எதிரான தப்பையும் செய்திருக்கிறோம். நுரையீரல் முழுக்கக் காசநோய் அரித்துப்போன 29 வயதுப் பெண்ணை, சின்ன வயது என்ற ஒரே காரணத்துக்காக 40 நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். மூன்றாம் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தாயிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த 40 நாளும் அவளுக்கு நாங்கள் செய்த உதவி என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, எல்லா முதியவர்களையும் ஐசியுவுக்கு ஏற்றிவிட்டால் அதிகம் பேர் பிழைப்பார்களா? பிரான்சில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 24 மருத்துவமனைகள், அதுவரை ஓரளவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்த 75 வயதுக்கு மேற்பட்ட 3,037 பேர். பாதி மருத்துவமனைகளில் தாராளமாக ஏற்றச் சொன்னார்கள், மற்றவற்றில் வழக்கம்போல. 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தாராளமாக ஏற்றிய இடங்களில் கூடுதலாக யாரும் பிழைத்துவிடவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஐரோப்பிய ஆய்வில், ஐசியுவில் சேர்ந்த 80 வயதுக்கு மேற்பட்ட 5,021 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். அதைத் திருப்பிப் படித்தால் மூன்றில் இரண்டு பங்கினர் உயிரோடு இருந்தார்கள். அந்த இரண்டு பங்கில் வருகிறவர் யார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறந்த தேதி மட்டும் பதில் சொல்லாது.

அந்தப் பையனைப் பற்றி. குடித்திருந்தானா இல்லையா என்பது உங்களுக்கு நடைபாதையில் காதில் விழுந்த செய்தி. உண்மையாகவே இருந்தாலும் நாங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க ஆரம்பித்தால் சர்க்கரை நோயாளி தின்ற லட்டையும் கணக்கில் எடுக்க வேண்டி வரும், அம்மா உட்படத்தான். தலையில் அடிபட்ட இளைஞன் என்றால் மூளை வீக்கம் வடியும் வரை சில நாள் தாங்கிப் பிடித்தால் போதுமாக இருக்கலாம். அவனுக்குக் கட்டில் கொடுத்தது அம்மாவிடமிருந்து பிடுங்கியது ஆகாது. அம்மாவுக்கு வார்டில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கும் ஆக்சிஜனும் ஐசியுவில் கிடைப்பதேதான். அதில் தேறி வீட்டுக்கும் வந்துவிட்டார். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்ததைப் பார்த்தால், அந்தச் சிகிச்சை பலித்திருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசியு என்பது வயதானவர்களுக்கு மிகவும் தனிமையான இடம். வெளிச்சம் அணைவதில்லை, அலாரம் ஓய்வதில்லை, பகல் இரவு தெரியாது. கண்ணாடியும் காது கருவியும் பல்செட்டும் பையில் போய்விடும். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டி வைப்பதும் உண்டு. மூளை குழம்பி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். டெலிரியம் என்போம். இங்கே நம் பாட்டிமார்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் கடை நடத்தியவர்கூட மயக்கம் பாதி தெளியும்போது பிறந்த வீட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். ஜூலு பேசும் நர்ஸ் ஆங்கிலத்தில் "கையை அழுத்துங்கள்" என்பார். பாட்டி "தண்ணி, தண்ணி" என்பார். நர்ஸ் ஃபைலில் "குழப்பமாக இருக்கிறார்" என்று எழுதிவிடுவார். பாட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லை, தாகம்தான். நானே போய்த் தமிழில் கேட்டபோது, "யாரப்பா நீ, எந்த ஊரு?" என்று தெளிவாக விசாரித்த பாட்டிகள் உண்டு. அதனால் அம்மா எந்த வார்டில் இருந்தாலும் சரி, பத்து சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்: தண்ணி, வலி, மூச்சு, பயம், ஒண்ணுக்கு, இந்த மாதிரி. கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். பார்வை நேரத்தில் அழுதுகொண்டு நிற்பதைவிட, வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லுங்கள்.

இனி அண்ணனின் அடமானத் திட்டம். தயவுசெய்து வேண்டாம். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் தனியார் ஆஸ்பத்திரியும் சிகிச்சையை மறுக்கக் கூடாது, அது சட்டம். ஆனால் நிலைமை கொஞ்சம் சீரானதும் மெடிக்கல் எய்ட் இல்லாதவரை அரசு மருத்துவமனைக்கு மாற்றப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பெரிய முன்பணம் கேட்பார்கள். ஐசியு கட்டணம் நாள் கணக்கில் ஏறும். பத்தாம் நாள் வீடும் போய், அம்மாவும் வென்டிலேட்டரிலேயே இருந்து, அரசு ஐசியுவிலும் இடம் இல்லை என்ற நிலைமையில் குடும்பங்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வீட்டை வைத்து உடம்புக்குக் கைமுதல் வாங்க முடியாது. அதற்குப் பதில் நீங்கள் கேட்கக் கூடியது ஒன்று உண்டு: ஹை கேரில் (வார்டுக்கும் ஐசியுவுக்கும் இடைப்பட்ட பிரிவில்) வைத்து, முகமூடி வழியாக அழுத்தக் காற்று கொடுத்து, மூன்று நாள் முயன்று பார்க்க முடியுமா? மூன்றாம் நாள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, தேறினால் தொடரலாம், இல்லையென்றால் குழாய்க்குப் போகாமல் மூச்சுத் திணறல் தெரியாதபடி மருந்து கொடுக்கலாம். எல்லா இடத்திலும் முடியும் என்று வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. கேட்பதில் தப்பில்லை.

யார் முடிவு செய்வது என்பதில் அண்ணன் சொல்வது சட்டப்படி தவறு. நோயாளிக்குத் தானே சொல்ல முடியும் வரை அவர் சொல்வதுதான். முடியாமல் போனால், அவர் எழுத்தில் நியமித்தவர். அப்படி யாரும் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 7ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். உங்கள் வீட்டில் அது அப்பா. மூத்த மகன் என்ற தனி வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, டாக்டர் சொன்னது இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. புத்தி தெளிவாக இருக்கிறவர், 11 நாள் அந்தக் கட்டிலில் கிடந்தவர் அவர்தானே? கேளுங்கள். "சாவைப் பற்றிப் பேசலாமா" என்று ஆரம்பிக்க வேண்டாம், நம் வீடுகளில் உடனே வாயை மூடிவிடுவார்கள். விளக்கேற்றி முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரியில் எதும்மா ரொம்பக் கஷ்டமாக இருந்தது? மறுபடி அப்படி வந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?" என்று கேளுங்கள். அப்பாவும் கூட இருக்கட்டும், அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணனைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள், அம்மாவின் குரலிலேயே கேட்கட்டும். அம்மா யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் பெயரை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் கிளினிக் ஃபைலில் வைத்துவிடுங்கள். அவர் எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று சொன்னாலும் அதையும் அப்படியே எழுதுங்கள். டாக்டர்கள் கட்டுப்பட்டாக வேண்டும் என்றில்லை, ஆனால் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

ஆடிக் கஞ்சிக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். குளிர்காலம் என்பதால் விடியற்காலை வேண்டாம், வெயில் ஏறின பிறகு சக்கர நாற்காலியில் கூட்டிப் போங்கள். கற்பூரப் புகை பக்கம் நிறுத்த வேண்டாம். கஞ்சியை ஒரு சின்னக் குவளை குடிக்கட்டும், அன்றைக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசி இந்த வருடம் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு கிளினிக்கில் இலவசமாகப் போடுகிறார்கள். வழக்கமாகக் குளிருக்கு முன்பே போட வேண்டியது, விட்டுப்போயிருந்தால் இப்போதாவது கேட்டுப் பாருங்கள். கூடவே நிமோனியா ஊசியைப் பற்றியும் விசாரியுங்கள். அப்பாவையும் கையோடு கூட்டிப் போய்விடுங்கள், அவருக்கும் 83 ஆகிறதே.